கயிறு அறுந்ததா, முடிச்சு நழுவியதா?

2023 ஆம் ஆண்டு யூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் அதிகாலை. ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் எனது தம்பியின் மகனுடைய வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். புல்தரையில் பதினாறு அடி நீளமான கனூ ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கனூ என்பது இரு முனைகளும் கூர்ந்த, துடுப்பினால் வலிக்கும் சிறு வள்ளம். அதனைக் காரின் கூரையில் ஏற்றிக்கொண்டு அல்கொன்குவின் வனப்பூங்காவுக்குச் செல்வது, இரண்டு நாட்கள் ஏரியில் வலித்துவிட்டுத் திரும்புவது என்பது பெறாமகனின் திட்டம். எழுபதைக் கடந்த பெரியப்பனையும் அவன் விட்டுவைக்கவில்லை.

மூன்று மணிநேரப் பயணம். ஆறு மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. ஆனால் ஐந்து மணிக்கே அவன் கயிறுகளுடனும் பட்டிகளுடனும் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். ஒரு சின்ன வள்ளத்தைக் காரில் வைத்துக் கட்டுவதற்கு ஒரு மணிநேரமா என்று எனக்குள் சிரிப்பு. நான் பிறந்தது வடமராட்சிக் கடற்கரையில். வள்ளங்களும் கட்டுமரங்களும் கயிறுகளும் கண் விழித்த நாள் முதல் கண்டவை. இந்த இளைஞன் பிறந்தது கனடாவில். கயிற்றைப் பற்றி இவன் எனக்குச் சொல்லித்தர என்ன இருக்கிறது என்ற இறுமாப்பு இருந்தது என்பதனை ஒளிக்க விரும்பவில்லை.

அவன் முதலில் செய்த காரியம் கயிற்றைத் தொடுவதல்ல. காரின் கையேட்டைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினான். கூரை தாங்கக்கூடிய நிறை அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. அவனது காருக்கு 75 கிலோ. சில சிறிய கார்களுக்கு அது 50 கிலோவுக்கும் குறைவு. அந்தக் கணக்கினுள் வள்ளத்தின் நிறை மாத்திரமல்ல, அதனைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் நிறையும் அடங்கும். அவனது கனூ 27 கிலோ. ஒரே வடிவத்தில் செய்த கனூக்களே மூலப்பொருளுக்கு ஏற்ப நிறையில் வேறுபடும். கெவ்லார் நாரினால் செய்தவை 20 கிலோ அளவில் இருக்க, அலுமினியத்தில் செய்தவை 30 கிலோவைத் தாண்டும்.

கூரையின் இரு ஓரங்களிலும் தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் நெடுக்குச் சட்டங்கள் மட்டும் வள்ளத்தைத் தாங்கப் போதா. அவற்றுக்குக் குறுக்கே இரண்டு சட்டங்களைத் தனியாகப் பூட்டவேண்டும். அவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் இயன்ற அளவு கூடுதலாக இருக்கவேண்டும். நெருக்கமாக வைத்தால் நீண்ட வள்ளம் தராசுத் தண்டைப்போல் முன்னும் பின்னும் ஆடும். சட்டங்கள் பூட்டப்பட்ட இடங்களை அவன் கையால் ஆட்டிப் பார்த்தான். வள்ளத்தை எத்தனை இறுக்கமாகக் கட்டினாலும், அது கட்டப்பட்ட சட்டமே கழன்றுபோனால் இரண்டும் ஒன்றாகவே பறக்கும் அல்லவா?

பின்னர் அவனும் அவனது மகளும் ஆளுக்கொரு முனையில் பிடித்து வள்ளத்தைத் தூக்கி, கவிழ்த்தபடியே சட்டங்களின் மேல் வைத்தார்கள். கனூவைக் கவிழ்த்து வைப்பதே முறை. நிமிர்த்தி வைத்தால் மழைநீர் தேங்கும், காற்றும் உள்ளே புகுந்து தூக்கும். கவிழ்க்கும்போது அதன் இரு பக்க விளிம்புகளும் சட்டங்களில் நேராக அமர்ந்து கொள்கின்றன. மேல்புறம் மூடிய கயாக் என்ற சிறு படகு வேறு விதம். அதனை அடிப்புறத்தின் வளைவுக்குப் பொருந்தும் தாங்கிகளில் நிமிர்த்தியோ பக்கவாட்டில் சரித்தோ வைப்பார்கள்.

அடுத்தது பட்டிகள். ஓர் அங்குல அகலமான நெய்த பட்டி, ஒரு முனையில் பல் வைத்த பூட்டு. பட்டியை வள்ளத்தின் முதுகின் மேலாக எறிந்து, மறுபுறம் குறுக்குச் சட்டத்தின் அடியாக எடுத்து, மீண்டும் மேலாகக் கொண்டுவந்து, இந்தப் புறமும் சட்டத்தின் அடியாக எடுத்துப் பூட்டினுள் நுழைத்துக் கையால் இழுத்தான். சட்டத்தின் அடியாகச் செல்லும் இடத்தில் பட்டி வள்ளத்தின் விளிம்பை ஒட்டியே இருக்கவேண்டும். விலகியிருந்தால் வள்ளம் பக்கவாட்டில் அரக்கும். முன் சட்டத்துக்கு ஒரு பட்டி, பின் சட்டத்துக்கு ஒரு பட்டி.

லொறிகளில் பாரம் கட்டுவதற்கு, கைபிடியை முன்னும் பின்னும் அசைத்து இறுக்கும் பட்டி ஒன்று உண்டே, அது இன்னும் உறுதி அல்லவா என்று கேட்டேன்.

"அது வேண்டாம் பெரியப்பா. அதின்ரை இழுவை கூட. எங்களுக்குத் தெரியாமலே வள்ளத்தின்ரை முதுகை நசுக்கிப்போடும். கையாலை இழுக்கிற இறுக்கம் காணும்."

பட்டியின் காற்றில் படும் பகுதியில் அவன் ஒரு முறுக்கு விட்டான். தட்டையான பட்டி வேகத்தில் வீணைத் தந்திபோல் அதிர்ந்து இரைச்சலிடும், ஒரு முறுக்கு விட்டால் அந்த இரைச்சல் அடங்கும் என்றான். எஞ்சிய பட்டியின் வாலைச் சுருட்டிக் கட்டினான். தொங்கும் வால் காரின் பக்கத்தை அடித்துக்கொண்டே வரும். சில வேளை சக்கரத்திலும் அகப்படும்.

அத்துடன் வேலை முடிந்தது என்று எண்ணினேன். இல்லை. வள்ளத்தின் மூக்கிலிருந்து இரண்டு கயிறுகளை இறக்கி, காரின் முன் மூடியின் அடியில் ஆணியிட்டுப் பொருத்தப்பட்ட இரண்டு பட்டி வளையங்களில் இடமும் வலமுமாகக் கட்டவேண்டும். பின்புறமும் அவ்வாறே. முன்னிருந்து பார்த்தால் கவிழ்த்த 'வி' எழுத்துப்போல் இருக்கும். நவீன கார்களின் பம்பர் வெறும் பிளாஸ்டிக் ஆதலால் அதில் எதையும் கட்டக்கூடாது.

குறுக்குப் பட்டிகள் வள்ளத்தைக் கீழே அழுத்தி வைத்திருப்பவை. ஆனால் சடுதியாகப் பிரேக் பிடிக்கும்போது வள்ளம் முன்னோக்கி வழுக்கப் பார்க்கும். மேட்டில் ஏறும்போது பின்னோக்கி வழுக்கப் பார்க்கும். அதைத் தடுப்பவை இந்த முன், பின் கயிறுகள். வேகத்தில் காற்று வள்ளத்தின் மூக்கின் அடியில் புகுந்து மேலே தூக்குவதையும் இவை தடுக்கின்றன. குறுக்குச் சட்டமே கழன்றாலும் கடைசிக் காவல் இவைதான். இதற்கு ரப்பர் கயிறு உதவாது. இழுக்க இழுக்க நீளும் பொருள் எதையும் பிடித்து வைக்காது.

இந்த இடத்தில்தான் நான் முன்வந்தேன். "முன் வலது பக்கக் கயிற்றை நான் கட்டுகிறேன்" என்றேன். அவன் புன்னகைத்துக் கயிற்றைத் தந்தான். சிறுவயதில் கரையில் கண்டு பழகிய முடிச்சொன்றைப் போட்டு, காலை ஊன்றி இழுத்து இறுக்கினேன். அவன் வள்ளத்தின் மூக்கைப் பிடித்துப் பலமாக உலுப்பினான். கார் முழுவதும் ஆடியது.

"இப்பிடித்தான் பாக்கவேணும். உலுப்பினால் கார் ஆடவேணும், வள்ளம் ஆடக்கூடாது."

வள்ளத்தின் பின் முனையில் சிவப்புத் துணியொன்றையும் கட்டினான். ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 111 ஆம் பிரிவின்படி, வாகனத்தின் பின்புறத்துக்கு அப்பால் பாரம் 1.5 மீற்றர் அல்லது அதற்குக் கூடுதலாக நீண்டிருந்தால் பகலில் சிவப்புக் கொடியோ குறியோ, இரவில் சிவப்பு விளக்கோ அதன் கடைசி நுனியில் இருக்கவேண்டும். எந்தப் பகுதியும் கழன்று விழாதவாறு பாரம் கட்டப்பட்டிருக்கவேண்டும் என்பதும் அதே பிரிவின் கட்டளை. அவனது வள்ளம் அந்த அளவுக்கு நீண்டிருக்கவில்லை. ஆயினும் கட்டினான்.

புறப்பட்டோம். நான் முன் இருக்கையில். எனக்கு ஒரு வேலையும் தரப்பட்டது.

"அந்த முன் கயிறு ரெண்டையும் பாத்துக்கொண்டு வாங்கோ பெரியப்பா. இறுக்கமாய் நிண்டால் எல்லாம் சரி. தளந்தால் உடனை சொல்லுங்கோ."

கூரையில் இருக்கும் வள்ளத்தைச் சாரதியால் பார்க்க இயலாது. ஆனால் முன் கயிறுகள் கண்ணாடியூடாகத் தெரியும். வள்ளம் சிறிது அசைந்தாலும் முதலில் அவை சொல்லிவிடும். நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன், கால் மணிநேர ஓட்டத்தின் பின்னர், காரை ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் மீண்டும் இழுத்துப் பார்த்தான். முதற் சில மைல்களில் வள்ளம் தன் இடத்தில் அமர்ந்துகொள்ளும், அப்போது பட்டிகள் சற்றுத் தளரும். உண்மையில் பின் பட்டி ஓர் அங்குலம் அளவு இழுபட்டது. எனது கயிறு உறுதியாகவே இருந்தது.

400 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி மணிக்கு 100 கிலோமீற்றர். சிறு மழையொன்று பெய்து ஓய்ந்தது. வேகம் இரு மடங்கானால் காற்றின் விசை இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. ஊருக்குள் 50 கிலோமீற்றர் வேகத்தில் அசையாமல் நிற்கும் கட்டு, 100 கிலோமீற்றரில் நான்கு மடங்கு விசையைத் தாங்கவேண்டும். போதாக்குறைக்கு, பெரிய லொறியொன்று எம்மைக் கடந்து செல்லும்போதெல்லாம் காற்று பக்கவாட்டில் அறைந்தது.

பாரி நகரை அண்மித்த வேளை வலதுபக்கக் கயிறு நடுங்குவதைக் கண்டேன். முதலில் சந்தேகம். பின்னர் அது தெளிவாகவே தளர்ந்து வில்லாக வளைந்தது. சொல்வதா விடுவதா என்று ஒரு கணம் தயங்கினேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். அது நான் கட்டிய கயிறு. சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் வேகத்தைக் குறைத்து, அடுத்த வெளியேறு பாதையில் இறங்கி, எரிபொருள் நிலையமொன்றில் நிறுத்தினான்.

முடிச்சு முக்கால்வாசி அவிழ்ந்திருந்தது. இன்னும் சிறிது நேரம் சென்றிருந்தால் கயிறு கழன்று முன் மூடியின் மேல் விழுந்திருக்கும். முன் கயிறு சக்கரத்தின் அடியில் அகப்பட்டால், அது வள்ளத்தின் மூக்கைக் கீழே இழுத்து உடைத்துவிடும். பட்டிகளும் சட்டமும் அந்த இழுவையைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

"கயிறு பழசாகிப் போச்சோ?" என்று கேட்டேன். அவன் கயிற்றை விரல்களுக்கிடையில் ஓடவிட்டுப் பார்த்தான்.

"கயிறு அறேல்லைப் பெரியப்பா. முடிச்சுத்தான் நழுவியிருக்கு. இது வழுக்கிற கயிறு. தும்புக் கயித்துக்குப் போடுற முடிச்சு இதிலை நில்லாது."

அந்த வார்த்தைகளை நான் முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஸ்காபரோவில் அல்ல. 47 வருடங்களுக்கு முன்னர், கொழும்பில்.

1976 ஆம் ஆண்டு. கொழும்பில் நாளிதழ் ஒன்றின் ஆசிரியபீடத்தில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்து அதிக காலமாகவில்லை. பிரதேச நிருபர்கள் அனுப்பும் செய்திகளைச் செப்பனிட்டு அச்சுக்குக் கொடுப்பது எனது பணி. வடமராட்சியிலிருந்து ஒரு சிறு விபத்துச் செய்தி வந்திருந்தது. வாடகைக் கார் ஒன்றின் கூரைக் கரியரில் கட்டுமரமொன்று ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கட்டுமரம் என்பது கட்டிய மரங்கள்தானே. கட்டை அவிழ்த்தால் மீண்டும் தனித்தனி மரங்கள். அவ்வாறு அவிழ்த்த மூன்று மரங்களை ஏ-40 கார் ஒன்றின் மேல் நீளவாக்கில் அடுக்கி, குறுக்காகக் கயிறு போட்டிருந்தார்கள். முன்னும் பின்னும் கயிறு இல்லை. மதகொன்றில் கார் ஏறி இறங்கியபோது நடுமரம் பின்னோக்கி வழுக்கி வீதியில் விழுந்தது. பின்னால் சைக்கிளில் வந்த பத்தொன்பது வயது இளைஞனின் வலது முழங்கால் நொறுங்கியது.

நிருபர் 'கட்டு நழுவியதால்' என்று எழுதியிருந்தார். நான் அதனை வெட்டிவிட்டு 'கயிறு அறுந்ததால்' என்று எழுதினேன். எதற்காக? எந்தக் காரணமும் இல்லை. விபத்துச் செய்திகளில் கயிறு அறுவது வழக்கம். லொறியின் பிரேக் செயலிழப்பதும், பஸ் வேகக்கட்டுப்பாட்டை இழப்பதும், கயிறு அறுவதும் எமது பத்திரிகைத் தமிழில் ஆயத்தமாக இருந்த சொற்றொடர்கள். கை தானாகவே எழுதிற்று. ஆறு வரிச் செய்தி. மறுநாள் மறந்தும்போனேன்.

மூன்று வாரங்கள் கழித்து ஒரு காலை, அலுவலக வாசலில் யாரோ ஒருவர் காத்திருப்பதாகச் சொன்னார்கள். அறுபது வயது மதிக்கத்தக்க கடற்றொழிலாளி. இரவுத் தபால் ரயிலில் வந்திருந்தார். கையில் பனையோலை உமல். தான் அந்த இளைஞனின் தகப்பன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். உமலுக்குள்ளிருந்து சுருட்டிய கயிறொன்றை எடுத்து எனது மேசையில் வைத்தார். பச்சை நிறமான புதிய நைலோன் கயிறு. விபத்து நடந்த இடத்திலிருந்து அவரே எடுத்து வைத்தது.

"தம்பி, கயிறு அறுந்ததெண்டு போட்டிருக்கிறியள். அறுந்த கயிறெண்டால் ரெண்டு துண்டாய் இருக்கவேணுமல்லோ? இந்தாருங்கோ, முழுக்கயிறு. ரெண்டு தலைப்பும் சுட்டு ஒட்டினபடி இருக்கு. இது அறாது. புதுக்கயிறு. இதிலை தும்புக் கயித்து முடிச்சுப் போட்டிருக்கிறாங்கள். அது நழுவிப்போட்டுது."

அவர் கோபப்படவில்லை. விடயத்தை விளக்கினார். காரின் உரிமையாளருடன் ஊர்ப் பெரியவர்களின் முன்னிலையில் நட்டஈடு பற்றிப் பேசியிருக்கிறார்கள். அப்போது எமது பத்திரிகை நறுக்கை எடுத்து வைத்திருக்கிறார்கள். 'பேப்பரிலையே போட்டிருக்கு, கயிறு அறுந்ததெண்டு. கயிறு அறுந்தால் ஆர் என்ன செய்யிறது? அது தெய்வச் செயல்.' அந்த ஆறு வரிகளோடு பேச்சு முடிந்திருக்கிறது. மகனின் வைத்தியச் செலவுக்கு ஒரு சிறு தொகை. அவ்வளவே.

கயிறு அறுந்தது என்றால் குற்றம் கயிற்றின்மேல். முடிச்சு நழுவியது என்றால் கட்டிய கை ஒன்று உண்டு. அந்தக் கையைச் செய்தியிலிருந்து வெட்டி எறிந்தது எனது பேனா.

திருத்தம் ஒன்று வெளியிடுமாறு கேட்டார். செய்தியாசிரியரிடம் சென்றேன். சிறிய விடயம், மூன்று வாரம் கடந்துவிட்டது, ஒரு சொல்லுக்குத் திருத்தம் போட்டால் பத்திரிகை முழுவதும் திருத்தமாகத்தான் இருக்கும் என்றார். நான் வாதாடவில்லை. வேலைக்குப் புதியவன் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிருபர் சரியாகத்தான் எழுதியிருந்தார், மாற்றியது நான் என்று செய்தியாசிரியரிடமும் சொல்லவில்லை, வந்தவரிடமும் சொல்லவில்லை. பெரியவர் கயிற்றைச் சுருட்டி உமலுக்குள் வைத்துக்கொண்டு, "சரி தம்பி, உங்களுக்கும் வேலை கிடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எரிபொருள் நிலையத்தில் பெறாமகன் எனக்குப் புதிய முடிச்சைக் காட்டித் தந்தான். தும்பு, மணிலா போன்ற இயற்கை நார்க் கயிறுகளின் மேற்பரப்பு கரடுமுரடானது. அதில் ஒரு மடிப்பு இன்னொரு மடிப்பைக் கவ்விப் பிடிக்கும். செயற்கை நார்க் கயிறு வலிமையில் பல மடங்கு மேலானதாயினும் வழவழப்பானது. அதன் முடிச்சில் மேலதிகச் சுற்றுகள் வேண்டும். நைலோன் கயிறு ஈரமானால் சற்று நீளவும் செய்யும். அதனால் மழைக்குப் பின்னர் மீண்டும் இழுத்துப் பார்க்கவேண்டும். பாரம் கட்டுவதற்கு நீட்சி குறைந்த பொலியெஸ்ரர் கயிறு மேலானது. வெயிலில் கிடந்து நிறம் மங்கி, தொட்டால் தூள் உதிரும் கயிற்றை, எவ்வளவு தடிப்பாயினும் எறிந்துவிடவேண்டும்.

அவன் காட்டிய முடிச்சு இதுதான். கயிற்றின் நடுவில் ஒரு சுருக்கு வளையம் போடவேண்டும். கயிற்றின் நுனியைக் காரின் வளையத்தினூடாக எடுத்து, மேலே கொண்டுவந்து, அந்தச் சுருக்கு வளையத்தினூடாகச் செலுத்திக் கீழ்நோக்கி இழுக்கவேண்டும். கப்பி ஒன்றின் துணையோடு இழுப்பதுபோல் கையின் பலம் பெருகும். இறுகியதும் விரலால் அமத்திப் பிடித்து, நுனியை இரண்டு தடவை சுற்றிப் பூட்டவேண்டும். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டேன். கொழும்பு புறக்கோட்டையில் நாட்டாமைத் தொழிலாளர்கள் லொறிகளுக்குப் பாரம் கட்டும்போது போடும் அதே முடிச்சு. எத்தனை ஆண்டுகள் அந்த வீதிகளால் நடந்திருக்கிறேன். ஒரு நாளாவது நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளத் தோன்றவில்லை.

"ஏன் இத்தனை கவனம்? வள்ளத்தின் விலை கூடவோ?" என்று கேட்டேன்.

"வள்ளம் போனால் போகட்டும். பின்னாலை வாறவன் ஆரெண்டு எங்களுக்குத் தெரியாதல்லோ" என்றான்.

நாம் எமது பொருளைப் பாதுகாப்பதற்காகவே கட்டுகிறோம் என்றுதான் நினைக்கிறோம். அதனால்தான் மலிவான பொருளை அலட்சியமாகக் கட்டுகிறோம். பழைய மெத்தையையும் பலகைகளையும் கூரையில் ஏற்றி, ஒரு கையை யன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டுவோரை ஸ்காபரோவிலும் கண்டிருக்கிறேன், யாழ்ப்பாணத்திலும் கண்டிருக்கிறேன். நெடுஞ்சாலை வேகத்தில் காற்றுப் புகுந்தால் எந்த மனிதக் கையாலும் அதனைப் பிடித்துவைக்க முடியாது. கட்டு என்பது உள்ளே இருப்பவனுக்காக அல்ல, பின்னால் வரும் முகம் தெரியாத ஒருவனுக்காக. 1976 இல் அவன் சைக்கிளில் வந்தான்.

பாரியிலிருந்து 11 ஆம் இலக்க வீதி, ஹன்ட்ஸ்வில்லில் திரும்பி 60 ஆம் இலக்க வீதி. 1893 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அல்கொன்குவின் பூங்கா 7,600 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான பரப்புடையது. ஏரிகளுக்கிடையே வீதி இல்லை. ஓர் ஏரியில் வலித்து, கரையேறி, வள்ளத்தைத் தோளில் சுமந்து காட்டுப்பாதையால் நடந்து, அடுத்த ஏரியில் இறக்கவேண்டும். கனூவின் நடுவில் குறுக்காக இருக்கும் மரச்சட்டத்தில் தோளுக்கு ஏற்ப வளைவு வெட்டியிருப்பது இதற்காகவே. கவிழ்த்த வள்ளத்தைத் தலைக்குமேல் சுமந்து பெறாமகன் முன்னே நடக்க, துடுப்புகளைச் சுமந்துகொண்டு நான் பின்னே நடந்தேன். காரின் கூரைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கனூ மனிதனின் தோளில் பயணம் செய்த வாகனம்.

திரும்பும் வழியில் பீற்றர்பரோ நகருக்குச் சுற்றிச் சென்று, 1997 இல் திறக்கப்பட்ட கனடிய கனூ அருங்காட்சியகத்தைப் பற்றி விசாரித்தோம். 2024 மே மாதத்தில் அது ஏரிக்கரையில் புதிய கட்டடத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. ஆதிக்குடிகளின் பழைய கனூக்களில் ஆணி இல்லை. பூர்ச்ச மரத்தின் பட்டையை ஸ்புரூஸ் மரத்தின் வேர்களால் தைத்து, பொருத்துகளுக்குப் பிசின் பூசிச் செய்வார்கள். நமது கட்டுமரமும் ஆணியைக் காட்டிலும் கயிற்றை நம்பிய கலம். அதன் பெயரே கட்டு என்பதில் தொடங்குகிறது. 1697 இல் வெளியான வில்லியம் டம்பியரின் பயண நூலில் இடம்பெற்ற அந்தச் சொல், இன்று இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுகளுக்கும் உலகெங்கும் பெயராக வழங்குகிறது. கட்டிய கலங்களில் கடலுக்குப் போனவர்களுக்கு முடிச்சு என்பது உயிர். அதனால்தான் அந்தத் தகப்பனுக்கு ஒரு சொல்லுக்காக ரயிலேறி வரத் தோன்றியது. எனக்கு அது வெறும் சொல்லாக இருந்தது.

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் பிள்ளைகள் பலர் இன்று கோடையில் கனூவும் கயாக்கும் கொண்டு ஏரிகளுக்குச் செல்கின்றனர். அவர்களுக்காகச் சில வார்த்தைகள். கூரையின் கொள்ளளவைக் கையேட்டில் பாருங்கள். இரண்டு பட்டி போதுமென்று முன், பின் கயிறுகளை விட்டுவிடாதீர்கள். கால் மணிநேரத்தில் ஒரு தடவை, பின்னர் நிறுத்தும் இடமெல்லாம் ஒரு தடவை இறங்கி இழுத்துப் பாருங்கள். பலத்த காற்று வீசும் நாளில் வேகத்தைக் குறையுங்கள், அல்லது பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வாகனத் தரிப்பிடக் கட்டடங்களில் நுழைவதற்கு முன் கூரையில் வள்ளம் இருப்பதை ஞாபகத்தில் கொள்ளுங்கள். திரும்பி வரும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். களைப்பும் இருட்டும் சேர்ந்து, 'காலையில் நின்ற கட்டுத்தானே' என்று சொல்லவைக்கும். காலையில் நின்ற கட்டு அவிழ்க்கப்பட்டுவிட்டது. மாலையில் கட்டியது புதிய கட்டு.

யாராவது மூத்தவர் தனக்குக் கயிறு பற்றித் தெரியும் என்று முன்வந்தால், கட்ட விடுங்கள். ஆனால் அவர் கட்டியதையும் ஒருமுறை உலுப்பிப் பாருங்கள்.

இறுதியாக, 1976 ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருக்கவேண்டிய ஒன்று. அந்தப் பெரியவர் இப்போது இருக்கமாட்டார். அவரது மகனுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். எங்கே இருந்தாலும் இது அவரது கண்ணில் படவேண்டும் என்பதே எனது ஆசை.

திருத்தம்: 1976 ஆம் ஆண்டில் வெளியான வடமராட்சி விபத்துச் செய்தியில் 'கயிறு அறுந்ததால்' என்றிருந்ததை, 'கட்டு நழுவியதால்' எனத் திருத்தி வாசிக்கவும். தவறு நிருபருடையதன்று, செய்தியைச் செப்பனிட்டவருடையது. தவறுக்கு வருந்துகிறேன்.